இருப்புப் பதிவேடு

டோக்கியோவிலிருந்து வந்த பெண் மேசைமேல் வைத்த
புகைப்படத்தில் அது மல்லாந்து கிடக்கிறது.
காலில் நூல், நூலில் சீட்டு,
கண்ணிருந்த இடத்தில் பஞ்சு.
"இதன் குரல் நினைவிருக்கிறதா, நுக்குயி சான்?
ஒலிப்பதிவு என்று எங்கும் ஒன்றுமில்லை."
பேனாவைத் திறந்து காத்திருக்கிறாள்.
வெளியே நிகாட்டாவின் பனி
தகரக் கூரையிலிருந்து வழுக்கி விழுகிறது.

நான் கிடங்குக் கணக்கன், அம்மா.
அரிசியைக் கிராமில் எழுதியவன்.
கப்பல்கள் நின்ற பிறகு
முந்நூறு என்பது இருநூறாகி, நூறாகி,
பிறகு பூசணி இலை என்றும் ஒரு பத்தி கோடிட்டேன்.
இரவில் பூசணி திருடியவனின் பெயரை
விடிந்ததும் சிவப்பு மையில் அடித்தேன்.
அவன் பங்கு மிச்சம் என்று அடுத்த வரியில் ஏற்றினேன்.

வேக் தீவுக்கு நாங்கள் சூட்டிய பெயர்
பெரும்பறவைத் தீவு.
வரைபடத்தின்மேல் குனிந்த எவனுக்கோ
விரித்த சிறகாகத் தெரிந்திருக்கும்.
தரையில் இருந்ததோ
ஒரு கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறம்,
வயிற்றில் வெள்ளைக் கோடுகள்.
சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளோடு
சருகுக்காகச் சண்டை போடும்.
ஓடும்போது இறக்கைகளைச் சற்றே தூக்கும்,
சேற்றில் கிமோனோ நனையாமல் நடக்கிற
அவசரக்காரியைப் போல.
அதற்கு மேல் அந்த இறக்கைகளால் ஒரு பயனும் இல்லை.

முதல் வருடம் எங்கள் பூட்ஸ் நாடாவைப்
புழுவென்று நினைத்து இழுத்தது.
தந்தி ஆள் ஹிரானுமா
வேண்டுமென்றே நாடாவைத் தளர்த்திவிட்டு
மரநிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.
இழுக்கும், பின்வாங்கும், மறுபடி இழுக்கும்.
அவன் சிரிப்பு அலைச்சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

பசி வந்தபோது எங்களை விட்டுப் பறந்தவை
பத்துக்கு மேலிருக்கும்.
அது ஒன்றுக்குத்தான் பறக்கத் தெரியவில்லை.

கண்ணி வேண்டியதில்லை, அம்மா.
வலை வேண்டியதில்லை.
நாடாவைத் தளர்த்திவிட்டு உட்கார வேண்டும்.
அவ்வளவுதான்.
ஹிரானுமாவும் அப்படித்தான் பிடித்தான்.
சிரிக்கவில்லை.
ஜூலையில் அவனைத் தூக்கிப் போனபோது
இரண்டு பேர் போதுமாக இருந்தது,
அந்த இரண்டு பேரும் நின்று நின்றுதான் நடந்தார்கள்.

பறவைகளுக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.
கப்பலில் வந்தவை அல்ல, ஆகவே இருப்பு அல்ல.
யார் எத்தனை தின்றோம் என்று எங்கும் எழுதவில்லை.
ஒவ்வொரு அரிசிக்கும் கையெழுத்து வாங்கிய தீவில்
ஓர் இனமே ரசீதில்லாமல் போயிற்று.

"கடைசிப் பறவை எப்போது?" என்கிறாள்.
அன்று எதுவும் கடைசி இல்லை.
அது வியாழக்கிழமையினுடையது.
வெள்ளிக்கிழமைக்கு வேறொன்று வரும் என்றிருந்தோம்.
வராதபோது எலி பிடித்தோம்.
வராததை நான் கவனிக்கவே
ஊர் திரும்பி, வயிறு நிறைந்து,
ஒரு பகல் தூங்கி எழ வேண்டியிருந்தது.

குரல். ஆமாம், குரல்.
தாழ்வானது. விட்டு விட்டு வரும்.
தகரக் குவளையை நகத்தால் தட்டுவது போல.
சொல்லிவிட்டு மேசையில் தட்டிக் காட்டுகிறேன்.
அவள் புள்ளியும் கோடுமாக எழுதிக்கொள்கிறாள்.
பொய் சொல்லவில்லை.
ஆனால் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க
அது பறவையா,
பதில் வராத கடலைப் பார்த்து
ஹிரானுமா தட்டிக்கொண்டிருந்த தந்தி விசையா
என்று எனக்கே பிடிபடவில்லை.
உறுதியாகத் தெரிந்த சத்தம் ஒன்றுண்டு,
எலும்பு மெல்லியது, கடவாய்ப் பல்லில் நொறுங்கும்.
அதை அவள் கேட்கவில்லை.

தேநீர் ஆறிவிட்டது.
வாசலில் குனிந்து காலணி மாட்டுகிறாள்.
இடது நாடா தரையில் புரள்கிறது.
இரட்டை முடிச்சாகப் போடுங்கள் என்றேன்.
ஏன் என்று நிமிர்ந்தாள்.
படியில் பனி வழுக்கும் என்றேன்.